மூன்றாம் வரிசைத் தொட்டிகள்

பெங்களூரில் கடல் ஏது என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. ஆஸ்டின் டவுன் பஸ் ஸ்டாப்பில், முடிவெட்டும் கடையில், என் மாமியார் வீட்டில், எங்கே போனாலும் இதே கேள்வி. ஆக்டோபஸ் வளர்க்கிற கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறேன் என்றால் முதலில் சிரிப்பார்கள், பிறகு கடல் ஏது என்பார்கள். கடல் லாரியில் வருகிறது ஐயா, மங்களூரிலிருந்து டேங்கரில் வருகிறது, அதில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டுவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

தொண்ணூற்று எட்டாம் வருஷத்துக் கதை இது. மீனுக்கும் இறாலுக்கும் தீவனம் செய்கிற கம்பெனி. ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, செங்கல் சூளையைத் தாண்டினால் நீளமான ஒரு தகரக் கொட்டகை வரும். எங்கள் முதலாளிக்கு அப்போது ஆக்டோபஸ் பைத்தியம் பிடித்திருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் ஆசையாகச் சாப்பிடுகிறார்கள், ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று கிலோவுக்கு வளர்ந்துவிடும், ஆனால் அது நண்டு கேட்கும், மீன் கேட்கும், மனிதன் உருட்டிக் கொடுக்கிற உருண்டையைத் தொடாது. தொடுகிற மாதிரி ஓர் உருண்டையைச் செய்துவிட்டால் போதும் என்பார். அதைக் கடலோரத்தில் வைத்துச் செய்யலாமே என்று நான் கேட்டேன். என் கண் முன்னால் நடக்க வேண்டும் சீனு, பெங்களூர்க் குளிரும் அதுக்கு ஒத்து வரும் என்றார். குளிர் விஷயம் மட்டும் சரியாகத்தான் இருந்தது.

மூன்று வரிசைகள், வரிசைக்கு மூன்று கண்ணாடித் தொட்டிகள். சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்பதால் தொட்டிக்கு ஒன்று. குடியிருக்க ஆளுக்கொரு மண்குடம், குயவர்கள் இருக்கிற பாட்டரி டவுனில் நான் பேரம் பேசி வாங்கியது. முதல் வரிசைக்கு நண்டு. இரண்டாம் வரிசைக்கு மத்தி மீன். மூன்றாம் வரிசைக்குக் கம்பெனி உருண்டை: மீன் தூள், சோயா, மீன் எண்ணெய், எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த ஜெலட்டின். எது எதைத் தின்று எவ்வளவு வளர்கிறது, வளர்ந்த உடம்பில் என்ன சத்து இருக்கிறது என்று பார்ப்பதற்காகத் தமயந்தி மேடம் வந்திருந்தார். கும்பகோணத்துப் பெண், முப்பது வயதுகூட ஆகவில்லை. "ஏன்" என்று கேட்காமல் ஒரு டீ குடிக்க மாட்டார். டீயில் ஏடு ஏன் படிகிறது என்று என்னைக் கேட்டவர் அவர். எனக்கு என்ன தெரியும், குடியுங்கள் மேடம் என்றேன்.

நான் அந்தப் பிராணிகளோடு ஒத்துப்போகவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நண்டுக் கூடையோடு உள்ளே போனால் முதல் வரிசைக் கடைசித் தொட்டிக்காரன் தண்ணீரை என் சட்டைமேல் பீய்ச்சி அடிப்பான். மேடம்மீது அடிக்க மாட்டான். என்மேல்தான். ஆனாலும் வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியாது. நண்டைப் போட்டதும் குடத்துக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வரும், தடவிப் பார்க்கும், பிறகு மொத்த உடம்பும் குடைபோல விரிந்து நண்டை மூடிவிடும். சற்று நேரத்தில் ஓடு மட்டும் சுத்தமாக வெளியே வந்து விழும். இவ்வளவு சுத்தமாக எங்கள் வீட்டில் யாரும் நண்டு தின்றதில்லை.

கொட்டகையைக் கழுவவும், தொட்டியின் அடியில் சேரும் கழிவை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுக்கவும் ஆள் வேண்டும் என்றபோது காந்தாவைச் சேர்த்துவிட்டது நான்தான். காந்தா என் பக்கத்து வீடு. அவள் புருஷன் முனிகிருஷ்ணன் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். முதல் வருஷம் பெயின்ட் அடிக்கப் போனான். அடுத்த வருஷம் போனால் போனான், இல்லையென்றால் இல்லை. அதற்கப்புறம் வாசற்படியில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. திட்டுவதற்குக்கூட ஒரு காரணம் கொடுக்க மாட்டான், அதுதான் அவளுக்குப் பெரிய பேஜார். "குடிச்சிட்டு வந்தானா நாலு வார்த்தை கேக்கலாம் சீனண்ணா. சும்மா உக்காந்துக்கினு கீறவனை இன்னான்னு கேக்கறது?" என்பாள்.

அப்படி உட்கார்ந்திருந்தவன் எழுந்தது மூன்றாம் வரிசையால்.

வேறு தேசங்களில் உருண்டை தின்ற ஆக்டோபஸ் இளைத்துப்போனது என்று மேடம் படித்திருந்தார். எங்களுடையது இளைக்கவில்லை. வாராவாரம் வலைப்பையில் போட்டு எடை பார்த்தோம். நண்டு வரிசை முதலில் நின்றது. மத்தி வரிசை அதற்குப் பின்னால். உருண்டை வரிசை மத்தி வரிசையை ஒட்டியே வந்துகொண்டிருந்தது. உருண்டை தண்ணீரில் ஊறி அவல் மாதிரி உதிர்ந்து குழாயோடு போய்விடுவதால் எவ்வளவு தின்றது, எவ்வளவு மிஞ்சியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் தராசு இருக்கிறதே. முதலாளி தராசைப் பார்த்துக் குஷியாகிவிட்டார். குந்தாபுரம் பக்கம் கடலோரமாக இடம் பார்க்க ஆள் அனுப்பினார். பண்ணை வந்தால் பம்ப் பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது நான் முனிகிருஷ்ணன் பெயரைச் சொன்னேன். தங்க வீடும் தருவதாக ஒப்புக்கொண்டார்.

அன்றிலிருந்து முனிகிருஷ்ணன் வேறு ஆள். தினமும் முகச்சவரம் செய்தான். எங்கள் பம்ப் மெக்கானிக் சிரிலின் பின்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்தான். சிவாஜி நகர் பழைய சாமான் கடையில் செத்துப்போன மோட்டார் ஒன்றை வாங்கி வந்து, வீட்டு நடுவில் பேப்பர் விரித்துப் பிரித்துப் போட்டான். வீடு முழுக்க கிரீஸ் நாற்றம். காந்தா திட்டிக்கொண்டே அந்த மோட்டாரைச் சுற்றிப் பெருக்குவாள், ஒரு நட்டு நகராமல் பெருக்குவாள்.

"கடலாண்ட வூடு சீனண்ணா. ஜன்னலைத் தொறந்தா அலை தெரியுமாம். இந்த மனுசன் கண்ணு ரோட்டையே பாத்துப் பாத்துப் பூத்துப் போச்சு, கொஞ்ச நாளு கடலைப் பாக்கட்டும்" என்றாள்.

சோதனையின் கடைசிக் கட்டம் வந்தது. வரிசைக்கு ஒன்றாக எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் மயங்க வைத்து, மேடமே அறுத்தார். சதையைத் தனியாக, ஈரலைத் தனியாக எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து வெளியே ஒரு லேபுக்கு அனுப்பினார். காந்தா அன்றைக்குக் கொட்டகைக்குள் வரவில்லை. வயிறு சரியில்லை என்று வெளியே குழாயடியில் உட்கார்ந்துகொண்டாள்.

முடிவு வந்த நாள் மேடம் என் ஸ்டோர் ரூமுக்கு வந்தார். முகத்தில் ஒரு பரபரப்பு.

"சீனு சார், ஒண்ணு கேக்கணும். எதைத் தின்னாலும் சதையில பெரிய வித்தியாசம் இல்ல. நண்டு தின்னதும் மத்தி தின்னதும் புரதம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், கொழுப்பு ரொம்பக் கம்மி. வித்தியாசம் எல்லாம் ஈரல்ல இருக்கு. மத்தி தின்னதோட ஈரல் முழுக்கக் கொழுப்பு. அதால எரிக்க முடியல, அங்கேயே சேத்து வச்சிருக்கு. அதனாலதான் நண்டு தின்னது அளவுக்கு இது வளரல போல. எவ்ளோ நல்லா இருக்கு பாருங்க."

"நல்லாத்தான் இருக்கு மேடம். கேள்வி என்ன?"

"மூணாவது வரிசை ஈரல்ல தேங்காய் எண்ணெய் இருக்கு."

"தேங்காய் எண்ணெயா?" என்றேன்.

"தேங்காய் எண்ணெய்ல நிறைய இருக்கிற ஒரு கொழுப்பு சார். கடல்ல இருக்கிற எதுலயும் இவ்ளோ கிடையாது. நம்ம உருண்டையில தேங்காய் எண்ணெயே சேக்கல. ஸ்டோர்ல மீன் எண்ணெய் தீந்துபோய், மாத்தி எதாவது..."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "மீன் எண்ணெய் டின்னைத் திறந்து மோந்து பாருங்க மேடம். இந்த நாத்தத்தோட நான் வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி வாசல்லயே நிக்க வைக்கறா. தேங்காய் எண்ணெய் ஊத்தியிருந்தா எனக்கு ஏன் இந்த கதி?" என்றேன். அவர் பயந்துபோய், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்றார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்பது எனக்கும் தெரியும். ஆனால் முதலாளியும் இதே கேள்வியைக் கேட்பார், அவர் தெரிந்துகொள்வதற்காகக் கேட்க மாட்டார்.

சாயங்காலம் நேராகக் காந்தா வீட்டுக்குப் போனேன். புலம்ப வேறு இடம் இல்லை. அவள் அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். முனிகிருஷ்ணன் மோட்டார் முன்னால் குந்தியிருந்தான். நான் நடந்ததைச் சொல்லி, ஆக்டோபஸ் ஈரலில் தேங்காய் எண்ணெயாம், கேட்டாயா கூத்தை என்றேன்.

காந்தா சட்டியைக் கீழே வைத்தாள். "எந்த வரிசைல சீனண்ணா?"

"மூணாவது."

"அது நானு" என்றாள்.

ஆறு மாசமாக அவள் மத்தியானச் சாப்பாட்டை மூன்றாம் வரிசைக்கு எதிரில், கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அங்கேதான் ஜன்னல் வெயில் விழும். மற்ற வரிசைக்காரர்கள் வயிறு நிறைந்து குடத்துக்குள் முடங்கிவிடுவார்கள். மூன்றாம் வரிசை மட்டும் கண்ணாடிக்கு வந்து ஒட்டிக்கொண்டு, அவள் டப்பாவைத் திறப்பதிலிருந்து கை கழுவுகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கும்.

"அதோட கண்ணைப் பாத்திருக்கீங்களா? ஆட்டுக் கண்ணு மாதிரி படுக்க வச்ச கோடு. இமைக்கவே இமைக்காது. அப்பிடிப் பாத்துக்கினு கீறப்ப நான் மட்டும் எப்பிடித் துன்றது? நாயி பாத்தாக்கூட ஒரு வாய் போட்டுட்டுத்தான துன்றோம். இல்லன்னா வயிறு வலிக்காதா?"

எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சாப்பிடும்போது எந்த ஜீவன் பார்த்தாலும் ஒரு பிடி கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். பார்த்த கண்ணோடு தின்றால் தின்றவன் வயிற்றில் தங்காது. என் வீட்டிலும் இதே பழக்கம்தான்.

"இன்னா குடுத்த?" என்றேன்.

"மத்தி வறுவல். டேங்கர் டிரைவரு மங்களூர்லந்து தேங்கா எண்ணெ கொண்டாந்து குடுக்கறாரில்ல, அதுலதான் வறுக்கறேன். கம்பெனி மீனை நான் தொட மாட்டேன், அது வேற. இது என் மீனு. காரமா இருக்கும்னு மசாலாவ வாயில சப்பிட்டு, முள்ளு எடுத்துட்டுப் போடுவேன். மூணும் பாக்கும், மூணுக்கும் போடுவேன். ஒண்ணுக்குக் குடுத்து ஒண்ணுக்குக் குடுக்காம இருக்க முடியுமா? மொதல்ல பயந்துக்கினுதான் குடுத்தேன். அப்பறம் பயம் போயிடுச்சு, அதுங்க மேல ஆசை வந்துடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் செய்தேன். முனிகிருஷ்ணன் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைப் பேப்பர் மேல் மெதுவாக வைத்தான்.

"அப்ப அந்த உருண்டையால வளரலையா?" என்று என்னைக் கேட்டான்.

"எனக்கு எப்பிடித் தெரியும் முனி? ஆனா மீன் துன்னுருக்கு. இனிமே அதை உருண்டைக் கணக்குல சேக்க முடியாது."

"அப்ப குந்தாபுரம்?"

அவன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"யாருகிட்டயும் சொல்லாத காந்தா. எண்ணெ எப்பிடி வந்துச்சோ, தெரியலன்னு இருந்துடு. பண்ணை ஒரு தபா வந்துட்டா அப்பறம் அவங்க பாத்துக்குவாங்க."

"அங்க ஆயிரம் தொட்டி வச்சி உருண்டையப் போடுவாங்க. எல்லாம் பசியில காயும்யா. அதைப் பாத்துக்கினு நீ பம்ப் ஓட்டுவியா?"

"நான் இன்னா பாவம் பண்ணேன்? மூணு வருசமா நான் காயறேன், அது உன் கண்ணுக்குத் தெரியல. கண்ணாடிக்குள்ள கீறது தெரிஞ்சிடுச்சி."

"தெரியலன்னு யாரு சொன்னா? உனக்காவத்தான நான் தொட்டி கழுவப் போனேன். சீனண்ணன் மேல பழி விழுதுய்யா. அவரு வாங்கிக் குடுத்த வேலை."

"என்னைப் பத்தி விடு" என்றேன். விடு என்றேனே தவிர, விட்டுவிடுவாளோ என்று உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. முனிகிருஷ்ணன் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். காந்தா சோற்றுச் சட்டியைப் பார்த்தபடியே நின்றாள். கஞ்சி ஆறி ஏடு கட்டிவிட்டது.

மறுநாள் காலையில் அவள் கொட்டகைக்கு வந்ததும் விளக்குமாற்றைத் தொடவில்லை. டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேடம் மேசைக்குப் போய், மூடியைத் திறந்து வைத்தாள். வறுத்த மத்தி நாலு இருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததே தவிர, எங்கேயும் தடுமாறவில்லை.

மேடம் கோபப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் ஒரு துண்டு மத்தியை விரலால் தூக்கி மோந்து பார்த்தார். "ஒரு நாளைக்கு எவ்ளோ போடுவீங்க காந்தாம்மா?"

"ஒண்ணு ஒண்ணுக்கும் அரை மீனு மேடம்."

"ஞாயித்துக்கிழமை?"

"லீவாச்சே. திங்கக்கிழமை கொஞ்சம் ஜாஸ்தி போட்டுடுவேன், பாவம்."

"வறுத்த மீனையா சாப்பிட்டுது? உப்பு, மஞ்சள் எல்லாத்தோடயும்?"

"மசாலாவச் சப்பிட்டுத்தான் போடுவேன் மேடம்."

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார். உருண்டையால் வளர்கிறது என்று தான் எழுதிக் கொடுத்த அறிக்கை முதலாளி மேசையில் இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "இது எங்க தப்பு காந்தாம்மா. இங்க உக்காந்து சாப்பிடக் கூடாதுன்னு நாங்க யாரும் உங்ககிட்ட சொல்லவே இல்லையே. நான் போய்ச் சொல்றேன், நீங்க வர வேண்டாம்" என்று எழுந்தார்.

முதலாளி அறைக்குள்ளிருந்து வெகுநேரம் சத்தம் கேட்டது, கன்னடத்திலும் இங்கிலீஷிலும். கடைசியில் மூன்றாம் வரிசைக்கு மட்டும் சோதனையைத் திரும்பச் செய்வது என்று முடிவானது. காந்தாவின் வேலை போகவில்லை. ஆனால் கொட்டகைக்குள் யாரும் வாயில் எதையும் போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. டீயும் கிடையாது. அந்த உத்தரவில் அதிகம் கஷ்டப்பட்டவன் நான்தான்.

அறுத்தது போக மிஞ்சிய பழைய இரண்டோடு டேங்கரில் புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. காந்தா வெளியே குழாயடியில் சாப்பிட ஆரம்பித்தாள். மத்தியானம் ஆனால் பழையவை இரண்டும் கண்ணாடிக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். எதிரில் காலி பக்கெட் கவிழ்ந்து கிடக்கும். மேடம் அதைப் பார்த்துவிட்டு, எப்படி நேரம் தெரிகிறது சீனு சார், வெயிலை வைத்தா, பசியை வைத்தா என்று என்னைக் கேட்டார். நான் அந்த பக்கெட்டை எடுத்து ஸ்டோரில் வைத்தேன். அப்போதும் வந்து ஒட்டிக்கொண்டுதான் இருந்தன.

ஒருநாள் வெளியே போனபோது காந்தா கொட்டகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"திரும்பி உக்காந்துக்கினா அதுங்க பாக்கலன்னு ஆயிடுமா சீனண்ணா?"

"சாப்பிடு காந்தா" என்றேன்.

உருண்டையை அவை எடுத்துப் பார்க்கும், வாயருகே கொண்டுபோகும், உதிர்த்துவிட்டுக் குடத்துக்குள் போய்விடும். கொஞ்சம் தின்றன என்றுதான் மேடம் சொன்னார். ஆனால் தராசு இறங்கியது. வாராவாரம் இறங்கியது. நிறமும் வெளிறியது. கடைசியில் மேடமே முதலாளியிடம் போய்ப் போதும் என்று சொல்லிவிட்டு, ஒரு கூடை நண்டை வாங்கி வரச் சொன்னார். அந்த இரண்டும் அன்று நண்டு தின்றதைப் பார்க்கக் காந்தாவைக் கூப்பிட்டு வந்து நிறுத்தினார். குந்தாபுரம் இடத்துக்குப் பேசியிருந்ததை முதலாளி விட்டுவிட்டார். கொட்டகை இறால் தீவனத்துக்குப் போனது. மேடம் சென்னைக்குப் போனார். போகும்போதுகூட, தேங்காய் எண்ணெய்க் கொழுப்பை ஆக்டோபஸ் ஏன் எரிக்காமல் சேர்த்து வைத்தது என்று யோசித்துக்கொண்டுதான் போனார்.

முனிகிருஷ்ணன் காந்தாவிடம் பேசுவதை நிறுத்தியிருந்தான். அவள் டப்பாவைத் திறந்து காட்டிய நாளிலிருந்து அவள் கையால் சாப்பிடுவதும் இல்லை. காலையில் பன்னும் டீயும், ராத்திரி தானே போட்டுக்கொள்கிற சோறு, அதுவும் அவள் படுத்த பிறகு. ஆனால் மோட்டாரை மட்டும் விடவில்லை. எதற்கு என்று நான் கேட்டதற்கு, "பிரிச்சாச்சு, மாட்டித்தான ஆவணும்" என்றான்.

தொட்டிகளைக் கழற்றிய பிறகு ஒரு மண்குடம் வேண்டும் என்று காந்தா கேட்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு போனேன். அவள் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோறு, குழம்பு, ஓரத்தில் வறுத்த மத்தி. முனிகிருஷ்ணன் மோட்டாரின் கடைசி மூடியை மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் கிரீஸ். ஒயரை பிளக்கில் சொருகினான். மோட்டார் ஒருமுறை முனகியது, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது.

நான் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அது கொஞ்ச நேரம் ஓடுவதைக் கேட்டுவிட்டு அவன் அணைத்தான். அணைத்துவிட்டுத் திரும்பியபோது அவன் கண் காந்தாவின் தட்டில் போய் நின்றது. காலையில் தின்ற பன்னுக்கு அப்புறம் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டான். பார்த்துக்கொண்டே இருந்தான். இமைக்கவில்லை.

காந்தா வாய்க்குக் கொண்டுபோன கையை இறக்கினாள். மத்தியைப் பிட்டு, முள்ளை எடுத்து, சோற்றோடு சேர்த்து உருட்டினாள். அப்படியே நகர்ந்து போய் அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவன் தன் கைகளைப் பார்த்தான். இரண்டும் கறுப்பு. என்னைப் பார்த்தான். நான் குடத்துக்குள் என்னவோ இருப்பதுபோலக் குனிந்து பார்த்தேன்.

நிமிர்ந்தபோது அவன் மென்றுகொண்டிருந்தான்.

"உப்பு கம்மி" என்றான்.

அத்தனை நாளுக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. காந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாயை உருட்டினாள்.